‘ஓட்டை இல்லை’: பதிலா, மௌனமா?

ஒரு கணக்கோடு தொடங்குவோம். ஒரு பெரிய நிறுவனத்தில் சர்வர், மேசைக் கணினி, பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா என்று எல்லாம் சேர்த்து 50,000 இயந்திரங்கள் நெட்வொர்க்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் எங்கெங்கே பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று துழாவிப் பார்க்க ஒரு ஸ்கேனர் சர்வரை நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் இயந்திரத்தைப் பார்த்து முடிக்கச் சராசரியாக 15 நிமிடம் ஆகிறது. ஒரே நேரத்தில் 20 இயந்திரங்களைப் பார்க்கிறது. ஓப்பன்வாஸ் என்னும் திறந்தமூல ஸ்கேனரில் புதிய பணி ஒன்றை உருவாக்கினால் திரையில் இயல்பாக வந்து நிற்கும் எண் இந்த 20. ஐம்பதாயிரத்தை 15-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 37,500 நிமிடம். அதாவது 26 நாள்.

கடைசி இயந்திரத்தைப் பார்த்து முடிக்கும்போது முதல் இயந்திரத்தின் நிலவரம் ஏறக்குறைய ஒரு மாதப் பழசாகிவிடும். விண்டோஸின் ஓர் ஓட்டையை அடைக்கும் எம்எஸ்17-010 திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது மே 12 அன்று. இடையில் இருந்தது 59 நாள். 26 நாளுக்கு ஒரு சுற்று வரும் ஸ்கேனர் அதற்குள் இரண்டு சுற்றுதான் முடித்திருக்கும். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளிவந்தபோது இந்த அவகாசமும் கிடைக்கவில்லை. ஓரிரு நாளில் இணையமெங்கும் அந்த ஓட்டையைத் தேடும் துழாவல் தொடங்கிவிட்டது.

இந்த நிலையில் நிர்வாகி செய்யக்கூடியது என்ன? பலரும் 20 என்ற எண்ணை 200 ஆக்குவார்கள். காகிதத்தில் 26 நாள் இரண்டரை நாளாகச் சுருங்குகிறது. அறிக்கையும் வருகிறது. சென்ற மாதத்தைவிட ஓட்டைகளும் குறைந்திருக்கின்றன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஓட்டைகள் குறைந்தனவா, ஓட்டைகளைக் காண்பது குறைந்ததா என்று அந்த அறிக்கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையின் வாதம் இதைச் சுற்றியே அமைகிறது. மற்ற சர்வர்கள் பாரம் தாங்காமல் போனால் பிழை காட்டும். இணையதளம் திறக்காது, பணப் பரிமாற்றம் பாதியில் நிற்கும், யாராவது தொலைபேசியில் கத்துவார்கள். பாதுகாப்பு ஸ்கேனர் பாரம் தாங்காமல் போனால் ‘எல்லாம் நலம்’ என்று சொல்லும். அதன் வேகத்தைக் கூட்டும் எந்த முயற்சியும் இந்தக் குணத்தை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

நான்கு கட்டங்கள்

நெட்வொர்க் ஸ்கேனர்களின் வரலாறு முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல். 1995 ஏப்ரலில் டான் ஃபார்மரும் வீட்சே வெனெமாவும் ‘சேட்டன்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். திருடன் கையில் சாவி கொடுப்பதாக அப்போது பெரிய சர்ச்சை எழுந்தது. 1997 செப்டம்பரில் கோர்டன் லயன், ஃபியோடோர் என்ற புனைபெயரில், ‘ஃப்ராக்’ இதழின் 51-ஆம் இலக்கத்தில் என்மேப் நிரலை வெளியிட்டார். 1998-இல் ரெனோ தெரேசோன் என்ற பிரெஞ்சு இளைஞர் நெசஸ் திட்டத்தைத் தொடங்கினார். 2005-இல் நெசஸ் தன் மூலநிரலை மூடியபோது, திறந்திருந்த பழைய நிரலிலிருந்து கிளைத்தது ஓப்பன்வாஸ். ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் 2008-இல் தொடங்கப்பட்ட கிரீன்போன் நிறுவனம் அதை இன்றுவரை வளர்த்து வருகிறது. நிரல் திறந்திருப்பதால், ஒரு ஸ்கேனர் எங்கே மூச்சு வாங்குகிறது, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது. இக்கட்டுரைக்கு ஓப்பன்வாஸை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

எந்த ஸ்கேனரும் நான்கு கட்டங்களில் வேலை செய்கிறது. முதலில், இந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கிறது. இருந்தால், எந்தெந்தக் கதவு, அதாவது போர்ட், திறந்திருக்கிறது என்று பார்க்கிறது. திறந்த கதவுக்குப் பின்னால் இருப்பது வெப் சர்வரா, மெயில் சர்வரா, எந்தப் பதிப்பு என்று அடுத்து விசாரிக்கிறது. கடைசியாக, தெரிந்த ஓட்டைகள் அங்கே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. ஓப்பன்வாஸின் சோதனைக் களஞ்சியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் உள்ளன. களஞ்சியம் வளர்ந்துகொண்டே போவதிலும் வியப்பில்லை. ஓட்டைகளுக்குப் பொது எண்ணிடும் சிவிஇ என்ற முறை 1999-இல் 321 பதிவுகளோடு தொடங்கியது. 2024-இல் மட்டும் ஏறத்தாழ 40,000 புதிய எண்கள் சேர்ந்தன.

இந்த நான்கு கட்டங்களிலும் பெரும்பகுதி நேரம் கழிவது கணக்கிடுவதில் அல்ல, காத்திருப்பதில். ஒரு பேக்கெட்டை, அதாவது சிறு தரவுத் துண்டை, அனுப்பிவிட்டு ஸ்கேனர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பதில் வந்தால் மில்லிநொடிகளில் வேலை முடிந்துவிடும். வராவிட்டால், இனி வராது என்று முடிவு கட்டும்வரை காத்திருக்க வேண்டும். மூடிய கதவு ‘மூடியிருக்கிறது’ என்று உடனே சொல்லிவிடும். ஃபயர்வாலோ சத்தமே காட்டாது. அதனால் திறந்த வீட்டைவிட, வாய் திறக்காத வீடுதான் அதிக நேரத்தைத் தின்கிறது.

நாற்பத்தைந்து நிமிடத்தில் இணையம்

காத்திருப்பதுதான் சிக்கல் என்றால், காத்திருக்காமலே இருந்தால் என்ன? மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸகிர் துருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் மூவரும் 2013 ஆகஸ்டில் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் இக்கேள்விக்கு விடை சொன்னார்கள். அவர்களுடைய ஸீமேப் கருவி, ஒரு சாதாரண சர்வரையும் ஒரு கிகாபிட் இணைப்பையும் வைத்துக்கொண்டு, ஐபிவி4 முகவரிவெளி முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்தது. என்மேப்பின் அதிவேக அமைப்பைவிட இது 1,300 மடங்கு வேகம்.

என்மேப் தான் அனுப்பிய ஒவ்வொரு பேக்கெட்டையும் நினைவில் வைத்திருக்கும். யாருக்கு அனுப்பினேன், எப்போது அனுப்பினேன், மறுபடி அனுப்ப வேண்டுமா என்று ஒரு பேரேடு எழுதிக்கொண்டே போகும். ஸீமேப் அந்தப் பேரேட்டைத் தூக்கி எறிந்தது. அனுப்பும் பேக்கெட்டுக்குள்ளேயே, போர்ட் எண்ணிலும் வரிசை எண்ணிலும், ஒரு ரகசிய அடையாளத்தைப் பதித்துவிடுகிறது. பதில் வரும்போது அந்த அடையாளமும் திரும்பி வரும். அதைப் பார்த்தே ‘இது நான் கேட்டதற்கான பதில்தான்’ என்று தெரிந்துகொள்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. முகவரிகளை வரிசையாகத் தட்டினால் ஒரே நெட்வொர்க்கின்மீது நொடிக்குப் பல்லாயிரம் பேக்கெட்டுகள் கொட்டும்; அது தாக்குதலாகவே தோன்றும். கலைத்துப்போட்டுத் தட்டலாம் என்றால், எதைத் தட்டினோம் என்று 429 கோடி முகவரிகளுக்கும் குறிப்பு வைக்க வேண்டும். ஸீமேப் இங்கே எண்கணிதத்தைத் துணைக்கு அழைத்தது. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 15-ஐக் கூட்டினால் ஒரு பகா எண் கிடைக்கிறது. அந்தப் பகா எண்ணின் பெருக்கல் குலத்தில், ஓர் எண்ணைத் தகுந்த வேறோர் எண்ணால் பெருக்கிக்கொண்டே போனால், எல்லா எண்களும் ஒரே ஒரு முறை மட்டும், கலைந்த வரிசையில் வந்துவிடும். நினைவில் வைக்க வேண்டியது இரண்டு மூன்று எண்கள்தான். அதே ஆண்டில் ராபர்ட் கிரஹாம் வெளியிட்ட மாஸ்கேன் கருவியும் இதே நினைவற்ற வழியில் போய், நொடிக்கு ஒரு கோடி பேக்கெட்டுகள்வரை எட்டியது.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்படியென்றால் நம் 50,000 இயந்திரங்கள் எந்த மூலைக்கு?’ என்று கேட்பது இயல்பு. ஆனால் ஸீமேப் செய்தது முதல் இரண்டு கட்டங்களின் ஒரு துண்டு மட்டுமே: ஒரே ஒரு கதவு, திறந்திருக்கிறதா இல்லையா. உள்ளே போய் விசாரிக்கும் மூன்றாம், நான்காம் கட்டங்களை நினைவில்லாமல் செய்ய முடியாது. அங்கே உரையாடல் நடக்கிறது. உரையாடலுக்கு நினைவு வேண்டும்.

அந்த ஆய்விலேயே நம் வாதத்துக்கான ஒரு சான்றும் உள்ளது. ஒரு முகவரிக்கு ஒரே பேக்கெட் அனுப்பினால் காண முடிந்தது ஏறத்தாழ 98 சதவீத இயந்திரங்களைத்தான் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். இணையம் முழுவதையும் ஆராய்பவருக்கு அது போதும். தன் நிறுவனத்தைக் காப்பவருக்கு அது போதாது. 50,000-இல் 2 சதவீதம் என்றால் 1,000 இயந்திரங்கள். திருடனுக்கு ஒன்று போதும்.

மௌனத்துக்கு மூன்று பொருள்

பதில் வராததற்குக் காரணம் மூன்றாக இருக்கலாம். அங்கே யாரும் இல்லை. இருக்கிறார், ஆனால் ஃபயர்வால் நம் பேக்கெட்டை விழுங்கிவிட்டது. அல்லது நம் பேக்கெட் வழியிலேயே தொலைந்தது. ஸ்கேனரின் காதுக்கு இம்மூன்றும் ஒன்றுதான். மூன்றாவது வகை மௌனத்தைப் பெரும்பாலும் நாமே உண்டாக்குகிறோம்.

ஸ்கேனருக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே ஒரு ஃபயர்வால் இருக்கிறது. தன் வழியாகப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் அது ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். அந்த அட்டவணைக்கு அளவு உண்டு. ஒரு ஸ்கேனர் 200 இயந்திரங்களில் ஆயிரக்கணக்கான போர்ட்டுகளை ஒரே நேரத்தில் தட்டினால், அட்டவணை நிமிடங்களில் நிரம்பிவிடும். லினக்ஸில் இயங்கும் ஃபயர்வால் என்றால் ‘கான்டிராக் அட்டவணை நிரம்பிவிட்டது, பேக்கெட்டைக் கைவிடுகிறேன்’ என்று தன் பதிவேட்டில் எழுதும். ஆனால் எழுதுவது தன் பதிவேட்டில். ஸ்கேனருக்கு அது தெரியாது. ஸ்கேனர் அந்த இயந்திரம் அணைந்திருப்பதாகக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். அதே அட்டவணையை நம்பியிருக்கும் அலுவலகத்தின் மற்ற வேலைகளும் சேர்ந்தே நிற்கும்.

சிக்கல் ஸ்கேனர் சர்வருக்குள்ளேயும் இருக்கலாம். ஒரே உள்வலையில் இருக்கும் இயந்திரங்களின் வன்முகவரிகளை லினக்ஸ் ஓர் அண்டைவீட்டு அட்டவணையில் வைத்திருக்கும். மாற்றாமல் விட்டால் அதன் உச்சவரம்பு 1,024. பிரிக்கப்படாத பெரிய உள்வலை ஒன்றில் 65,536 முகவரிகளைத் தட்டும்போது இந்த வரம்பு வெகு சீக்கிரம் இடிக்கும். ஒரு வரி அமைப்பை மாற்றினால் தீரும் சிக்கல் இது. ஆனால் அது சிக்கல் என்று தெரிந்தால்தானே மாற்றுவார்கள்?

யுடிபி போர்ட்டுகளின் கதை இன்னும் தெளிவானது. மூடிய யுடிபி போர்ட்டைத் தட்டினால், ‘இங்கே யாரும் இல்லை’ என்று இயந்திரம் ஓர் ஐசிஎம்பி செய்தி அனுப்பும். அந்தச் செய்தியைப் பல இயந்திரங்கள் அளந்துதான் அனுப்பும். லினக்ஸ் 2.4.20 கெர்னல் நொடிக்கு ஒன்று மட்டுமே அனுப்பும் என்று என்மேப் ஆவணம் எடுத்துக்காட்டுகிறது. 65,536 போர்ட்டுகளுக்கும் பதில் வாங்க 18 மணி நேரத்துக்கு மேலாகும். உலகின் விலையுயர்ந்த சர்வரை வாங்கி வைத்தாலும் அந்த 18 மணி நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. வேகத்தை நிர்ணயிப்பது கேட்பவரின் வலிமை அல்ல, பதில் சொல்பவரின் பொறுமை. இதை உணர்ந்தே என்மேப், பதில்கள் தொலையத் தொடங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகையில் எழுதப்பட்டது.

கேள்வியைக் குறைத்தல்

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு சிறு சூத்திரம் வரிசைக் கோட்பாட்டில் புகழ்பெற்றது: ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை, வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. அதை நம் நிறுவனத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். வாரம் ஒரு சுற்று வேண்டும் என்றால், 50,000 இயந்திரங்களை 10,080 நிமிடத்தில் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5. ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம். ஆகவே ஒரே நேரத்தில் 75 இயந்திரங்களைப் பார்த்தால் போதும். 200 தேவையே இல்லை. ஓர் இயந்திரத்துக்கு ஆகும் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைத்தால் 25 போதும். இயல்பாகவே இருந்த 20-ஐவிட ஐந்துதான் கூட. ஆக, தேடவேண்டிய இடம் அந்த 15 நிமிடத்துக்குள் இருக்கிறது.

முதலில் போர்ட்டுகள். டிசிபியில் 65,536 போர்ட் எண்கள் உண்டு. எல்லாவற்றையும் தட்ட வேண்டியதில்லை. கோர்டன் லயன் 2008-இல் இணையத்தில் பெரிய அளவில் ஸ்கேன் செய்து, எந்தப் போர்ட்டுகள் அதிகம் திறந்திருக்கின்றன என்று வரிசைப்படுத்தினார். திறந்த டிசிபி போர்ட்டுகளில் பாதியைப் பிடிக்க 10 போர்ட்டுகளைத் தட்டினால் போதும். 90 சதவீதத்துக்கு 576. 99 சதவீதத்துக்கு 3,328. மிச்சமுள்ள 1 சதவீதத்துக்காகத்தான் மீதி அறுபத்திரண்டாயிரம் தட்டல்களும். வாரச் சுற்றில் முக்கியமான போர்ட்டுகளையும், மாதம் ஒரு முறை முழுப் பட்டியலையும் பார்ப்பது இந்தக் கணக்கிலிருந்து வரும் எளிய முடிவு. ஆனால் முழுச் சுற்றை ஒரேயடியாகக் கைவிடக் கூடாது. யாருக்கும் தெரியாமல் யாரோ திறந்துவைத்த கதவு பெரும்பாலும் அந்த 1 சதவீதத்தில்தான் இருக்கும்.

அடுத்தது சோதனைகள். ஒரு லட்சம் சோதனைகளையும் ஓர் இயந்திரத்தின்மீது ஏவுவது, காய்ச்சலென்று வந்தவருக்கு ஆய்வகத்தில் உள்ள அத்தனை பரிசோதனையும் எழுதிக் கொடுப்பது போல. நெசஸ் காலத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ‘அறிவுத்தளம்’ என்ற ஒரு குறிப்பேடு திறக்கப்படும். முன்னால் ஓடிய சோதனை, ‘இங்கே வெப் சர்வர் இல்லை’ என்று அதில் எழுதினால், வெப் சர்வர் தொடர்பான சோதனைகள் தொடங்காமலே ஒதுங்கிக்கொள்ளும். இந்த நிபந்தனைகளைச் சரியாக எழுதுவதில்தான் சோதனை எழுதுபவரின் திறமை இருக்கிறது.

மூன்றாவது மாற்றம் அண்மையது. ஓர் இயந்திரத்துக்குள் முறையான கடவுச்சொல்லோடு நுழைந்து பார்ப்பது வெளியிலிருந்து தட்டுவதைவிடத் துல்லியமானது. ஓப்பன்வாஸில் நீண்ட காலம் இதற்கு ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு லினக்ஸ் பாதுகாப்பு அறிவிப்புக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட். ஒவ்வொன்றும் தனிச் செயலாகத் தொடங்கி, நிறுவப்பட்ட பேக்கேஜ்களின் பட்டியலைப் படித்து, ஒரே ஒரு பேக்கேஜின் பதிப்பை மட்டும் ஒப்பிட்டு, முடிந்துபோகும். ஆயிரக்கணக்கான தடவை ஒரே பட்டியலைப் படித்தார்கள். 2022-இல் 22.4 பதிப்போடு வந்த ‘நோட்டஸ்’ இந்த வழக்கத்தை மாற்றியது. பேக்கேஜ் பட்டியலை ஒரே முறை வாங்கி, அறிவிப்புகளை அட்டவணையாக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒப்பிட்டு முடித்துவிடுகிறது. வேகமான சர்வரோ கூடுதல் நினைவகமோ இந்த வேலையைச் செய்யவில்லை. ஒரே கேள்வியை ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று யாரோ கவனித்ததால் வந்தது இது.

சர்வருக்குள்ளே

அதற்காக சர்வரைக் கவனிக்க வேண்டாம் என்று பொருள் இல்லை. ஓப்பன்வாஸ் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு தனிச் செயலையும், அதன் கீழ் ஓடும் ஒவ்வொரு சோதனைக்கும் இன்னொரு செயலையும் பிறப்பிக்கும். இயல்பான அமைப்பில் ஓர் இயந்திரத்தின்மீது ஒரே நேரத்தில் 4 சோதனைகள். 20 இயந்திரங்களுக்கு 80 சோதனைகள். 200 இயந்திரங்களுக்கு 800. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு செயலைக் கொல்லும். கொல்லப்பட்ட சோதனை எந்த ஓட்டையையும் அறிவிக்காது. அதுவும் மௌனம்தான்.

நேர வரம்புகளிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு சோதனை பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 5 நொடி. ஒரு சோதனையின் மொத்த ஆயுள் 320 நொடி. திணறும் சர்வரில் பதில் ஆறாவது நொடியில் கைக்கு எட்டினால் அது எட்டாததற்குச் சமம். பின்னாளைய பதிப்புகளில், சர்வரின் பாரமோ மிச்சமுள்ள நினைவகமோ ஒரு வரம்பைத் தாண்டினால் புதிய வேலையைத் தொடங்காமல் நிறுத்திவைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. பலர் கவனிக்காமல் விடும் இரண்டு அமைப்புகள் அவை. மெதுவாகப் போனாலும் உண்மையைச் சொல்ல வைக்கும் அமைப்புகள்.

இயந்திரக் குறிப்பேடுகள் ரெடிஸ் என்னும் நினைவகத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ரெடிஸ் இயல்பாகத் தருவது 16 அறைகள். ஓர் இயந்திரத்துக்கு ஓர் அறை என்றால் பதினேழாவது இயந்திரம் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஓப்பன்வாஸோடு வரும் தனி அமைப்புக் கோப்பு இந்த எண்ணை உயர்த்தியே தருகிறது. வேறு ரெடிஸைப் பொருத்தியவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டும். முடிவுகளைச் சேமிக்கும் இடமும் அப்படித்தான். முன்பு எஸ்கியூலைட் பயன்பட்டது. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பல ஸ்கேன்கள் ஒரே சமயத்தில் முடிவுகளைக் கொட்டும்போது அது நெரிசலான ஒற்றைக் கவுன்டர். பின்னர் அதைக் கைவிட்டு போஸ்ட்கிரெஸ்கியூஎல் மட்டும் என்று மாறினார்கள். 50,000 இயந்திரங்களில் ஒவ்வொன்றுக்கும் 200 வரி முடிவு வந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு கோடி வரி. பழைய சுற்றுகளை அவ்வப்போது ஒதுக்காவிட்டால், ஸ்கேன் முடிந்தும் அறிக்கை திறக்காது.

பரப்புதலும் வரிசையும்

இதற்கும் மேலே வேகம் வேண்டும் என்றால் ஒரே சர்வரைப் பெரிதாக்குவதைவிடச் சிறு ஸ்கேனர்களை இயந்திரங்களுக்கு அருகே கொண்டு வைப்பது மேல். ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு உள்வலையிலும் ஒன்று. நடுவே ஒரு சர்வர் வேலையைப் பகிர்ந்து, முடிவுகளைச் சேர்க்கும். இதனால் போக்குவரத்து நேரம் குறைகிறது என்பது சிறிய லாபம். ஃபயர்வாலின் அட்டவணை வழியிலிருந்து விலகுகிறது என்பது பெரிய லாபம்: மௌனத்தின் ஒரு காரணம் அடியோடு நீங்குகிறது.

வரிசையும் முக்கியம். 49,999 இயந்திரங்கள் முடிந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும் ஒரு பழைய சர்வர் கடைசியில் தொடங்கினால், மற்ற ஸ்கேனர்கள் எல்லாம் அதற்காகக் கைகட்டி நிற்கும். நீண்ட வேலையை முதலில் எடுத்தால், ஆகும் மொத்த நேரம் உத்தம அளவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று கணிதவியலாளர் ரொனால்ட் கிரஹாம் 1969-இல் நிறுவினார். எது நீண்ட வேலை என்று சென்ற சுற்றின் பதிவேடே சொல்லும். புதிதாக எதையும் வாங்காமல் கிடைக்கும் வேகம் இது.

கேட்கப்படுபவரின் உடம்பு

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது வீட்டுப் பழமொழி. தொழிற்சாலையில் அதற்கு நேர்ப்பொருள் உண்டு. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம், தொழிற்கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான 800-82 வழிகாட்டியில் சில நிகழ்வுகளைப் பதிவு செய்திருக்கிறது. ஒரு கட்டுப்பாட்டு நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பிங் அனுப்பிப் பார்த்தபோது, ஓய்வில் இருந்த 9 அடி இயந்திரக் கை உயிர்பெற்று 180 பாகை சுழன்றது. அறையில் இருந்தவர் நல்லவேளையாக எட்டாத தூரத்தில் இருந்தார். வேறோர் இடத்தில் அதே போன்ற பிங்கால் சிப் தயாரிப்பு நின்றுபோய், 50,000 டாலர் மதிப்புள்ள தகடுகள் பாழாயின. இவை இரண்டும் நான்காம் கட்டத்தின் கடுமையான சோதனைகள்கூட இல்லை. முதல் கட்டத்தின் வெறும் தட்டல். அலுவலகங்களில் இதன் சிறிய வடிவம், ஸ்கேன் ஓடும் இரவில் பிரிண்டர்கள் பக்கம் பக்கமாகக் குப்பையை அச்சிட்டுத் தள்ளுவது.

ஆகவே ஓர் இயந்திரம் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பது ஸ்கேனரின் அமைப்புக் கோப்பில் இல்லை. அது அந்த இயந்திரத்தைப் பராமரிப்பவரிடம் இருக்கிறது. அவரிடம் அனுமதி கேட்பது சட்டத்துக்காக மட்டும் என்று நினைப்பவர்கள், அவர் சொல்லக்கூடிய தகவலை இழக்கிறார்கள்.

எதை அளப்பது?

அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, 2022 அக்டோபரில் 23-01 என்ற எண்ணுள்ள உத்தரவை அரசுத் துறைகளுக்குப் பிறப்பித்தது. 2023 ஏப்ரல் 3 முதல், 7 நாளுக்கு ஒருமுறை நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கின்றன என்று கண்டறிய வேண்டும். 14 நாளுக்கு ஒருமுறை அவற்றின் ஓட்டைகளைப் பட்டியலிடத் தொடங்க வேண்டும். சில பெரிய துறைகளில் ஒரு சுற்று 14 நாளுக்குள் முடியாமல் போகலாம் என்பதையும் அந்த உத்தரவு ஒப்புக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது, நொடிக்கு எத்தனை பேக்கெட் என்று அது கேட்கவில்லை. உன் தகவல் எத்தனை நாள் பழசு என்று கேட்கிறது. அளவுகோல் என்றால் அதுதான் அளவுகோல். லிட்டிலின் கணக்குப்படி நம் நிறுவனத்துக்கு இந்த 14 நாள் கெடு 38 இயந்திரங்களை ஒரே நேரத்தில் பார்த்தால் எட்டக்கூடியது.

தகவலின் வயதோடு அதன் உண்மையையும் அளக்க வேண்டும். அதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் உள்வலையிலும், வெளியுலகத் தொடர்பு இல்லாதபடி பூட்டி, தெரிந்த சில ஓட்டைகளோடு ஒரு சாட்சி இயந்திரத்தை வைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்கேனர் அதைக் கண்டுபிடிக்கிறதா, அதன் எல்லா ஓட்டைகளையும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டிய மறுநாள் சாட்சி காணாமல் போனால், கூட்டியது வேகம் இல்லை, மௌனம். அறிக்கையின் முதல் பக்கத்தில் ஓட்டைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, பாதியில் முடிந்த சோதனைகள் எத்தனை, சென்ற சுற்றில் இருந்து இந்தச் சுற்றில் காணாமல் போன இயந்திரங்கள் எத்தனை என்ற இரண்டு எண்களும் இருக்க வேண்டும்.

அப்படி நம்பத்தக்க அறிக்கை கிடைத்தால் என்ன பயன்? 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது, ஸீமேப்பை உருவாக்கியவர்களும் சக ஆய்வாளர்களும் இரண்டே நாளில் ஸ்கேனைத் தொடங்கினார்கள். பின்னர் ஓட்டை அடைபடாத இயந்திரங்களின் உரிமையாளர்களுக்கு எழுதினார்கள். எழுதப்பட்டவர்களிடம் திருத்தும் வேகம், எழுதப்படாதவர்களைவிட 47 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஸ்கேன் செய்வதன் பயன் அங்கேதான் இருக்கிறது: ஒருவர் அதன் முடிவைப் படித்துவிட்டு எழுந்து போய் ஓட்டையை அடைப்பதில்.

எனவே புதிய சர்வருக்குக் கேட்புக் கடிதம் எழுதும் முன்பு, இயந்திரங்களின் எண்ணிக்கையை ஒன்றுக்கு ஆகும் நிமிடத்தால் பெருக்கி, உங்களுக்கு வேண்டிய சுற்றின் நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் இப்போது இருப்பதைவிட அதிகமாக இருந்தால், முதலில் அந்த நிமிடத்தைக் குறைக்க வழி தேடுங்கள். சென்ற மாதத்தைவிடச் சுத்தமான அறிக்கை கைக்கு வந்தால், அதில் கையெழுத்திடும் முன்பு சாட்சி இயந்திரம் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.